ஆன்லைன் கடைக்கு எந்த லேஅவுட்: நீள்பக்கமா, கட்டப் பட்டியலா, தேடல் பெட்டியா?

கடைக்குத் தீம் (தளத்தின் ஆயத்த வடிவமைப்பு) பார்க்க உட்காருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியில் சிக்கிக்கொள்கிறார்கள். எல்லாவற்றையும் ஒரே நீளமான பக்கத்தில் விளக்கிக் காட்டலாமா? வகை பிரித்துக் கட்டம் கட்டமாக அடுக்கலாமா? பெரிய கடைகளைப்போல மேலே ஒரு தேடல் பெட்டியை வைத்துவிட்டு மிச்சத்தை அதன் பொறுப்பில் விட்டுவிடலாமா? தீம் விற்கும் தளத்தில் மூன்றுமே அழகாகத்தான் இருக்கும். அங்கே மாதிரிக்கு வைத்த படங்கள் எல்லாம் ஒரே ஒளியில், ஒரே அளவில் எடுத்தவை. பொருள்களின் பெயர்கள் சொல்லிவைத்தாற்போல ஒரே வரியில் அடங்கும். நம் பொருள்களை ஏற்றிய பிறகுதான் சாயம் வெளுக்கும்.

அடுத்ததாக எல்லோரும் செய்வது, ஏதோ ஒரு பெரிய கடையைப் பார்த்து அப்படியே எடுத்துக்கொள்வது. அந்தக் கடையின் முகம் அப்படி இருப்பதற்குக் காரணம் அதன் பின்னால் இருக்கும் லட்சக்கணக்கான பொருள்களும், ஒவ்வொரு கிளிக்கையும் அளந்து வைத்திருக்கும் தரவும். முகத்தை மட்டும் நகலெடுத்தால் அந்த இரண்டும் கூட வராது. எந்த அமைப்பு உங்களுக்கு விற்றுக் கொடுக்கும் என்பதைப் பெரும்பாலும் இரண்டு விவரங்களே தீர்மானித்துவிடும்: கடையில் எத்தனை பொருள் இருக்கிறது, வருகிறவர் எதைத் தெரிந்துகொண்டு வருகிறார். நிறம், எழுத்துரு, அசைவு எல்லாம் இதற்குப் பிறகுதான்.

## எந்த அளவுகோலால் அளப்பது?

பொருள்களின் எண்ணிக்கை. இன்றைக்கு இருப்பதை எண்ணாதீர்கள். அடுத்த ஆண்டு எத்தனை இருக்கும் என்று எண்ணுங்கள். ஒரு சட்டை 4 நிறத்திலும் 5 அளவிலும் வந்தால் அது ஒரு பொருளா 20 பொருளா என்பதையும் இப்போதே முடிவு செய்துவிடுங்கள். இதைத் தள்ளிப்போட்டவர்களின் பட்டியல்தான் ஒரே படம் திரும்பத் திரும்ப வந்து சலிப்பூட்டுகிறது.

வருகிறவரின் நிலை. பெயரோ மாடல் எண்ணோ தெரிந்து வருபவர் ஒருவர். வகை மட்டும் தெரிந்து வருபவர் இன்னொருவர். இப்படி ஒரு பொருள் உலகில் இருப்பதே தெரியாமல் விளம்பரத்தைத் தொட்டு வந்துவிட்டவர் மூன்றாமவர். மூவரையும் ஒரே பக்கம் சமமாகத் திருப்திப்படுத்தாது. உங்களுக்கு யார் அதிகம் என்று பாருங்கள்.

நுழைவாயில். சமூக ஊடக இணைப்பிலிருந்தும் தேடுபொறியிலிருந்தும் வருகிறவர்கள் பெரும்பாலும் நேராகப் பொருள் பக்கத்தில் இறங்குவார்கள். முகப்பை அவர்கள் பார்ப்பதே இல்லை. முகப்பு வடிவமைப்புக்கு மாதக்கணக்கில் செலவிட்டுவிட்டுப் பொருள் பக்கத்தைத் தீமின் இயல்பு நிலையிலேயே விட்டுவிடுவது நான் அதிகம் பார்க்கும் தவறான முதலீடு.

மொபைலில் வேகமும் விரலும். பக்கத்தின் முதன்மைப் படமோ எழுத்துத் தொகுதியோ 2.5 நொடிக்குள் தெரிய வேண்டும் என்பது கூகுள் வைத்திருக்கும் அளவுகோல். ஏற்றும்போது பக்கம் துள்ளிக் குதிக்கவும் கூடாது. ‘வாங்கு’ என்று தொடப்போன இடத்தில் வேறொரு பட்டன் வந்து நின்றால் அந்த வாடிக்கையாளர் திரும்பி வரமாட்டார். பட்டன் அளவுக்கு ஆப்பிள் 44 பாயின்ட், கூகுளின் மெட்டீரியல் வடிவமைப்பு வழிகாட்டி 48 டிபி (இரண்டும் திரை அளவுக்கான அலகுகள்) என்று சொல்கின்றன.

பராமரிப்பு. யார் படம் எடுப்பது, யார் விவரம் எழுதுவது, தீர்ந்துபோன பொருளை யார் இறக்குவது? எல்லாவற்றுக்கும் நீங்களே பொறுப்பு என்றால் இது மற்ற நான்கையும்விடப் பெரிய அளவுகோல்.

## நீள்பக்கம்

ஒரே பக்கம். மேலே பொருளின் படமும் ஒரு வரி உறுதிமொழியும், கீழே போகப்போக என்ன, எப்படி, யாருக்கு, மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள், கேள்வி பதில், வாங்கு. கடையில் ஒன்றிலிருந்து பத்துப் பொருள்வரை இருந்து, ஒவ்வொன்றுக்கும் கொஞ்சம் விளக்கம் தேவைப்பட்டால் இதை அடிக்க வேறு அமைப்பு இல்லை. வருகிறவர் அந்தப் பொருளைப் பற்றி முன்பு கேள்விப்பட்டிருக்கவில்லை. அவருக்குத் தேர்வுப் பட்டியலைவிட ஒரு காரணம்தான் முதலில் வேண்டும்.

மக்கள் கீழே ஸ்க்ரோல் செய்வார்களா என்ற பழைய பயம் பாதிதான் உண்மை. பயன்பாட்டு ஆய்வு நிறுவனமான நீல்சன் நார்மன் குழுமத்தின் கண் அசைவு ஆய்வில், 2010இல் பார்வை நேரத்தின் 80 சதவீதம் முதல் திரையிலேயே கழிந்தது. 2018இல் அது 57 சதவீதமாக இறங்கியது. அதே 2018 ஆய்வில் முதல் இரண்டு திரைகளைச் சேர்த்தால் 74 சதவீதம். ஆக, கீழே போகிறார்கள். ஆனால் போகப்போக ஆட்கள் குறைகிறார்கள். விலையையும் வாங்கும் பட்டனையும் பத்தாவது திரையில் வைப்பவர்கள் இந்த எண்களைச் சுவரில் ஒட்டிக்கொள்ளலாம். மொபைலில் திரையின் அடியில் ஒட்டிக்கொண்டே வரும் வாங்கும் பட்டன் ஒன்று இருந்தால் இந்தச் சிக்கல் பெருமளவு தீரும்.

மறைந்திருக்கும் செலவு எழுத்திலும் படத்திலும் இருக்கிறது. கட்டப் பட்டியலில் ஒரு பொருளுக்கு நான்கு படமும் ஐந்து வரியும் போதும். நீள்பக்கத்தில் ஒரு பொருளுக்கே பத்துப் பதினைந்து படம், ஒரு காணொளி, சோர்வில்லாமல் படிக்கவைக்கும் எழுத்து எல்லாம் வேண்டும். சுமாரான எழுத்துடன் நீளமாக இருக்கும் பக்கத்தைவிட மோசமான விற்பனைப் பக்கம் கிடையாது. அப்புறம் எடை. தானாக ஓடும் காணொளியை முதல் திரையில் வைத்தால் மெதுவான இணைப்பில் பக்கம் திறக்கும் முன்பே பாதிப்பேர் போய்விடுவார்கள். கீழே உள்ள படங்களைத் தாமதமாக ஏற்றலாம். முதல் திரைப் படத்துக்கு அதைச் செய்தால் வேகம் இன்னும் கெடும்.

இன்னொரு செலவு பிறகுதான் தெரியும். தேடுபொறியில் ஒரு பக்கம் சில தேடல்களுக்குத்தான் மேலே வர முடியும். பதினோராவது, பன்னிரண்டாவது பொருள் சேரும்போது இந்த அமைப்பு பிதுங்கத் தொடங்கும். அப்போது இடித்துக் கட்டுவதைவிட, ஆரம்பத்திலேயே ஒவ்வொரு பொருளுக்கும் தனிப் பக்கமும் தனி முகவரியும் கொடுத்துவிட்டு, முகப்பை மட்டும் நீள்பக்கமாக வைப்பது நல்லது.

## கட்டப் பட்டியல்

வகைகள், நிறம் அளவு பார்த்து வடிகட்டும் ஃபில்டர்கள், கட்டம் கட்டமாகப் பொருள்கள். பெரும்பாலான கடைகள் இங்கேதான் வந்து சேரும். சில டஜனிலிருந்து சில ஆயிரம் பொருள்வரை தாங்கும். வகை மட்டும் தெரிந்து வருபவருக்கு இதுவே இயல்பான வழி. எல்லோரும் செய்வதால் இது எளிது என்று ஒரு நினைப்பு உண்டு. மூன்றிலும் கவனம் அதிகம் கேட்பது இதுதான்.

முதல் சிக்கல் வகைப் பெயர்கள். கடைக்காரர் தன் கிடங்கு எப்படிப் பிரிந்திருக்கிறதோ அப்படியே மெனுவையும் பிரித்துவிடுவார். வாங்குகிறவர் கிடங்கைப் பார்த்ததே இல்லை. ‘பிரீமியம் தொகுப்பு’, ‘எசென்ஷியல்ஸ்’ போன்ற பெயர்கள் உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்வதே இல்லை. ஒரு பொருள் இரண்டு வகைக்கும் பொருந்தினால் இரண்டிலும் வையுங்கள்; அது தவறில்லை. ஒரு வகைக்குள் மூன்றே பொருள் இருந்தால் அது வகையாக இருக்கத் தேவையில்லை, ஃபில்டராக இருந்தால் போதும்.

மெனுவை மூன்று கோடு ஐகானுக்குள் ஒளிப்பது மொபைலில் தவிர்க்க முடியாதது என்று எல்லோரும் நினைக்கிறோம். நீல்சன் நார்மன் குழுமம் 2016இல் வெளியிட்ட ஆய்வு, ஒளித்த மெனுவை மக்கள் கணிசமாகக் குறைவாகவே பயன்படுத்துகிறார்கள் என்று காட்டியது. கணினித் திரையில் இன்னும் மோசம். முதன்மையான நாலைந்து வகைகளையாவது முகப்பில் படத்தோடு வெளியே வைத்துவிட்டால் ஐகானைத் திறக்காதவரும் தப்பிப்பார்.

இரண்டாவது, கட்டமா வரிசைப் பட்டியலா என்ற கேள்வி. இதற்கு விடை பொருளிடமே இருக்கிறது. கண்ணால் பார்த்துத் தேர்வு செய்பவை, அதாவது உடை, அலங்காரம், நகை போன்றவை கட்டத்துக்குப் பொருந்தும்; படம் பெரிதாக, எழுத்து குறைவாக. விவரக்குறிப்பை ஒப்பிட்டு வாங்குபவை, அதாவது மின்னணு சாதனம், கருவி, உதிரிபாகம் போன்றவை ஒரு வரிக்கு ஒரு பொருளாக, பக்கத்தில் நாலு முக்கிய விவரத்தோடு இருந்தால்தான் பயன். ஒரே மாதிரி தெரியும் 30 பெட்டிப் படங்களைக் கட்டத்தில் அடுக்கினால் வாங்குகிறவர் ஒவ்வொன்றாகத் திறந்து மூட வேண்டியிருக்கும். எந்த வடிவமானாலும் விலை, கையிருப்பு, இருக்கும் நிறங்கள், மதிப்பீட்டு எண்ணிக்கை ஆகியவை பட்டியலிலேயே தெரிய வேண்டும்.

மூன்றாவது, ஃபில்டர். இதுதான் இந்த அமைப்பின் உயிர்; மறைந்திருக்கும் செலவும் இதில்தான் அதிகம். ஃபில்டர் வேலை செய்ய வேண்டுமானால் ஒவ்வொரு பொருளுக்கும் நிறம், அளவு, பொருள் வகை, பயன்பாடு எல்லாம் ஒரே சீராக நிரப்பியிருக்க வேண்டும். ஒரு இடத்தில் ‘கடல்நீலம்’, இன்னொரு இடத்தில் ‘நேவி’, மூன்றாவதில் ‘கரு நீலம்’ என்று இருந்தால் நீலத்தைத் தேர்ந்தெடுத்தவருக்குப் பாதிச் சரக்கு காணாமல் போய்விடும். நிரப்பாத பொருள் ஃபில்டரில் விழாது. விழாத பொருள் விற்காது. 500 பொருளுக்கு 8 விவரம் என்றால் 4,000 கட்டங்களை யாரோ ஒருவர் உட்கார்ந்து நிரப்ப வேண்டும். தீமின் விலைப்பட்டியலில் இந்த உழைப்பு எங்கும் எழுதியிருக்காது. ஃபில்டர்களைச் சேர்த்துச் சேர்த்து ‘முடிவுகள் ஏதுமில்லை’ என்று வந்து நிற்கும் முட்டுச்சந்தும் இதே வகை. ஒவ்வொரு தேர்வின் பக்கத்திலும் எத்தனை பொருள் இருக்கிறது என்று எண்ணைக் காட்டினால் அந்த முட்டுச்சந்துக்குள் யாரும் போகமாட்டார்கள். ஃபில்டர் சேர்க்கைகள் ஒவ்வொன்றும் தனி முகவரி எடுத்துக்கொண்டு தேடுபொறிக்கு ஆயிரக்கணக்கான நகல் பக்கங்களைக் காட்டுவதையும் கவனியுங்கள். தேடுபொறி எதைத் தன் பட்டியலில் சேர்க்க வேண்டும், எதை வேண்டாம் என்று தொழில்நுட்பம் பார்ப்பவரிடம் சொல்லிவையுங்கள்.

தேர்வு அதிகமானால் வாங்கமாட்டார்கள் என்று ஒரு வாதம் உண்டு. உளவியல் ஆய்வாளர்கள் ஷீனா ஐயங்காரும் மார்க் லெப்பரும் 2000இல் வெளியிட்ட ஆய்வைத்தான் எல்லோரும் காட்டுவார்கள். ஒரே பொருளின் 24 வகையை வைத்த மேசைக்கு வந்தவர்களில் 3 சதவீதம் பேரும், 6 வகையை வைத்த மேசைக்கு வந்தவர்களில் 30 சதவீதம் பேரும் வாங்கினார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் 2010இல் இதே கேள்வி பற்றிய பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது சராசரி விளைவு ஏறக்குறைய பூஜ்யம் என்று வந்தது. ஆகவே இதை நம்பிச் சரக்கைக் குறைக்க வேண்டாம். எண்ணிக்கையைவிட வித்தியாசம் தெரியாததுதான் வாங்குகிறவரைத் திணறடிக்கிறது. 60 பொருள் தெளிவாகப் பிரிந்திருந்தால் யாரும் திணறுவதில்லை. 8 பொருள் ஒரே மாதிரி தெரிந்தால் திணறுவார்கள்.

## தேடல் முதன்மை

பல ஆயிரம் பொருள், வருகிறவருக்குப் பெயரோ எண்ணோ தெரியும்: புத்தகம், உதிரிபாகம், மருத்துவக் கருவி, அலுவலகப் பொருள். இங்கே வகை மெனு வழியாக ஆறு கிளிக் போகச்சொல்வது கொடுமை. பெரிய தேடல் பெட்டி, எழுத எழுத விரியும் பரிந்துரை, படத்தோடு முடிவுகள்.

பெட்டியை வைப்பது எளிது, அதன் பின்னால் இருப்பதுதான் வேலை. எழுத்துப் பிழை, ஒருமை பன்மை, ஒரே பொருளுக்கு வழங்கும் நாலு பெயர், ஒரு மொழியை இன்னொரு மொழியின் எழுத்தில் தட்டச்சு செய்வது, இடையில் கோடு போட்டும் போடாமலும் எழுதும் மாடல் எண் என எல்லாவற்றையும் அது தாங்க வேண்டும். பல தீம்களோடு வரும் இயல்பான தேடல் இவற்றில் பலவற்றைத் தாங்காது. தனித் தேடல் சேவைக்கு மாதக் கட்டணம் உண்டு. பொருள் எண்ணிக்கையும் தேடல் எண்ணிக்கையும் ஏற ஏற அதுவும் ஏறும். அதைவிடப் பெரிய செலவு, வாரம் ஒருமுறையாவது யாராவது தேடல் பதிவைத் திறந்து, விடை கிடைக்காத தேடல்களைப் பார்த்து, மாற்றுச்சொற்களைச் சேர்த்துக்கொண்டே இருப்பது. அந்த ஆள் இல்லாவிட்டால் இந்த அமைப்பு வேண்டாம்.

தேடல் சேவை விற்பவர்கள் ஒரு வாதம் வைப்பார்கள்: தேடல் பெட்டியைப் பயன்படுத்துபவர்கள் மற்றவர்களைவிடப் பல மடங்கு வாங்குகிறார்கள், எனவே தேடலைப் பெரிதாக்கினால் விற்பனை கூடும். முதல் பாதி பெரும்பாலும் உண்மைதான். இரண்டாவது பாதி அதிலிருந்து வராது. என்ன வேண்டும் என்று தெரிந்து, வாங்கும் எண்ணத்தோடு வந்தவர்தான் தேடுகிறார். பெட்டியைப் பெரிதாக்கினால் சும்மா பார்க்க வந்தவருக்கு அந்த எண்ணம் முளைத்துவிடாது. 40 பொருள் உள்ள கடையில் பெரிய தேடல் பெட்டி வைத்தால், இல்லாத பொருளைத் தேடிவிட்டு ஏமாந்து போகும் வாய்ப்பைத்தான் அதிகமாக்குகிறோம்.

## பக்கத்தில் பக்கமாக

| அளவுகோல் | நீள்பக்கம் | கட்டப் பட்டியல் | தேடல் முதன்மை |
|---|---|---|---|
| பொருள் எண்ணிக்கை | 1 முதல் 10 வரை | சில டஜன் முதல் சில ஆயிரம் வரை | பல ஆயிரமும் அதற்கு மேலும் |
| யாருக்கு ஏற்றது | பொருளை முதன்முறை கேள்விப்படுபவர் | வகை தெரிந்தவர் | பெயர் அல்லது எண் தெரிந்தவர் |
| வரும் வழி | விளம்பரம், சமூக ஊடகம் | தேடுபொறி, கலவை | நேரடி வருகை, திரும்ப வருபவர் |
| மொபைலில் ஆபத்து | கனமான படமும் காணொளியும் | ஒளிந்த மெனு, நெருக்கமான ஃபில்டர் | தட்டச்சுச் சிரமம் |
| மறைந்த செலவு | எழுத்து, புகைப்படம் | விவரங்களைச் சீராக நிரப்பும் உழைப்பு | தேடல் சேவைக் கட்டணம், வாராந்தரக் கவனிப்பு |
| உடையும் இடம் | பொருள் பெருகும்போது | விவரம் ஒழுங்கில்லாதபோது | விடை இல்லாத தேடல்கள் கூடும்போது |

எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சம் கலந்தால் என்ன என்று கேட்பீர்கள். கலக்கலாம், பெரும்பாலோர் கலக்கத்தான் செய்கிறார்கள். கட்டப் பட்டியல் கடையில், அதிக லாபம் தரும் இரண்டு மூன்று பொருளுக்கு மட்டும் நீள்பக்கம் எழுதி விளம்பரத்தை அங்கே திருப்புவது நல்ல கலவை. ஆனால் முதுகெலும்பு ஒன்றுதான் இருக்க முடியும். மொபைலின் முதல் திரையில் ஒரே ஒரு விஷயத்துக்குத்தான் இடம்.

அந்த இடத்தில் தானாக மாறும் பேனர் வரிசையை மட்டும் வைக்காதீர்கள். நோட்டர் டேம் பல்கலைக்கழகத்தின் இணையதளத் தரவை 2013இல் எரிக் ரன்யன் வெளியிட்டார். முகப்புக்கு வந்தவர்களில் சுமார் 1 சதவீதம் பேர்தான் அந்தச் சுழலும் படங்களில் எதையாவது கிளிக் செய்தார்கள். அதிலும் பெரும்பகுதி முதல் படத்துக்கே போனது. அது கடைத் தளம் இல்லைதான். ஆனாலும் இரண்டாவது, மூன்றாவது படத்தில் இருக்கும் சலுகையை யாரோ பார்ப்பார்கள் என்று நம்பிக்கொண்டிருப்பவர்கள் தங்கள் தளத்திலும் ஒருமுறை எண்ணிப் பார்க்கலாம். பேனர் வரிசை பல நேரங்களில் அலுவலகச் சண்டையைத் தீர்க்கத்தான் வைக்கப்படுகிறது, ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு படம் என்று.

## பட்டியல் நீளும்போது: பக்க எண், முடிவில்லா ஸ்க்ரோல், ‘மேலும் காட்டு’

முடிவில்லா ஸ்க்ரோல் பார்க்க நவீனமாக இருக்கும். சமூக ஊடகத்தில் நன்றாக ஓடுகிறது, கடையில் ஏன் ஓடாது? கைவினைப் பொருள்களுக்கான ஆன்லைன் சந்தையான எட்ஸி தன் தேடல் முடிவுகளில் இதைச் சோதித்துப் பார்த்தது. பொருள்களைக் கிளிக் செய்வது கூடும் என்ற எதிர்பார்ப்புக்கு மாறாகக் குறைந்தது, கைவிட்டுவிட்டார்கள். அங்கே பொறியாளராக இருந்த டான் மெக்கின்லி இதைப் பொதுவில் விளக்கியிருக்கிறார். கூகுளும் தேடல் முடிவுகளில் தொடர் ஸ்க்ரோலை 2021இல் மொபைலிலும் 2022இல் கணினியிலும் கொண்டுவந்து, 2024 ஜூனில் திரும்பப் பெறத் தொடங்கியது.

கடையில் இதன் சிக்கல்கள் நுணுக்கமானவை. ஒரு பொருளைத் திறந்து பார்த்துவிட்டுப் பின்னால் வந்தால் பட்டியல் மறுபடி தொடக்கத்தில் நிற்கும். டெலிவரி, திருப்பி அனுப்பும் விதி, தொடர்பு எண் எல்லாம் பக்கத்தின் அடியில் இருக்கும். அதைத் தொடப்போகும்போது அடுத்த 20 பொருள் வந்து அதைக் கீழே தள்ளிவிடும். எங்கே இருக்கிறோம், இன்னும் எவ்வளவு இருக்கிறது என்பதே தெரியாது. சும்மா பார்க்க வந்தவருக்கு இதெல்லாம் பெரிய குறையில்லை. ஒப்பிட்டு வாங்க வந்தவருக்குக் குறை.

பக்க எண்களில் இடம் தெரியும், முகவரியைப் பகிரலாம், தேடுபொறிக்கும் பிடிக்கும். மொபைலில் சின்னச் சின்ன எண்களைத் தொடுவதுதான் தொல்லை. ‘மேலும் காட்டு’ பட்டன் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது: வாங்குகிறவர் கேட்டால்தான் அடுத்த தொகுதி வரும், அடிப்பகுதியும் கைக்கு எட்டும். ஆயிரம் பொருளுக்குள் இருக்கும் கடைக்கு என் தேர்வு இதுதான், இரண்டு நிபந்தனையோடு: ‘120இல் 40 பார்த்துவிட்டீர்கள்’ என்று எண் காட்ட வேண்டும், பின்னால் வந்தால் அதே இடத்தில் நிறுத்த வேண்டும். இரண்டாவதை உங்கள் தீம் செய்யாவிட்டால் பக்க எண்ணுக்கே போய்விடுங்கள். படத்தை மட்டும் ரசித்துக்கொண்டே போகும் சுவரொட்டி, ஓவியக் கடைகளுக்கு முடிவில்லா ஸ்க்ரோலைச் சோதித்துப் பார்க்கலாம்.

## செக்அவுட் (பணம் கட்டி முடிக்கும் இடம்): ஒரே பக்கமா, படிப்படியா?

பேமார்டு ஆய்வு நிறுவனம் பல ஆய்வுகளைத் தொகுத்துச் சொல்வது, கார்ட்டில் பொருளைப் போட்டவர்களில் சராசரியாக 10க்கு 7 பேர் வாங்காமல் போய்விடுகிறார்கள். அதில் கணிசமானோர் சும்மா பார்க்க வந்தவர்கள். அவர்களை எந்த லேஅவுட்டும் பிடித்துவைக்க முடியாது. மற்றவர்கள் சொல்லும் காரணங்களில் முதலிடம், கடைசியில் வந்து சேரும் டெலிவரி, வரி போன்ற கூடுதல் கட்டணம். கணக்குத் தொடங்கச் சொல்லிக் கட்டாயப்படுத்துவதும் முன்வரிசையில்தான் இருக்கிறது.

ஆகவே ஒரே பக்கமா மூன்று படியா என்ற விவாதம் இரண்டாம் பட்சம். கட்ட வேண்டிய மொத்தத் தொகை எந்த இடத்தில் முதன்முதலாகத் தெரிகிறது என்பதே முதல் கேள்வி. பொருள் பக்கத்திலேயே டெலிவரி கட்டணத்தைச் சொல்லிவிட்டால் அங்கே சிலர் போய்விடுவார்கள்தான். அவர்கள் செக்அவுட்டில் போகப்போகிறவர்களே. அங்கே போனால் கோபத்தோடு போவார்கள்.

ஒரே பக்கச் செக்அவுட் நிரப்ப வேண்டிய கட்டங்கள் குறைவாக இருந்தால் நன்று: பெயர், முகவரி, தொடர்பு, கட்டணம். பரிசுப் பொதி, பில் முகவரி வேறு, டெலிவரி நேரம் தேர்வு, நிறுவனத்துக்கான வரி எண் என்று ஏறினால் ஒரே பக்கம் பார்த்ததுமே மலைப்பைத் தரும். அப்போது மூன்று படி மேல். மேலே எந்தப் படியில் இருக்கிறோம் என்று காட்டிக்கொண்டு, பின்னால் போனால் நிரப்பியதை அழிக்காமல். படிகளுக்கு இன்னொரு அனுகூலமும் உண்டு: எந்தப் படியில் ஆட்கள் கழன்றுகொள்கிறார்கள் என்பது தரவில் தெளிவாகத் தெரியும். ஒரே பக்கத்தில் அதை அறியத் தனியாகக் கண்காணிப்பு வைக்க வேண்டும்.

கணக்குத் தொடங்கச் சொல்வது பற்றிப் பயன்பாட்டு ஆய்வாளர் ஜேரட் ஸ்பூல் 2009இல் எழுதியது இன்றும் பொருந்துகிறது. ஒரு பெரிய கடை ‘பதிவு செய்’ பட்டனை எடுத்துவிட்டு, ‘தொடர்’ என்ற பட்டனையும் கணக்குக் கட்டாயமில்லை என்ற ஒரு வரியையும் வைத்தது. வாங்கி முடித்தவர்கள் 45 சதவீதம் கூடினார்கள். உங்களுக்கும் அதே எண் வரும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் கெஸ்ட்டாக வாங்க வழி வைத்துவிட்டு, நன்றி சொல்லும் பக்கத்தில் ‘கடவுச்சொல் மட்டும் கொடுத்தால் கணக்கு தயார்’ என்று கேட்பதில் இழப்பு எதுவும் இல்லை. மாதா மாதம் திரும்பி வந்து அதே பொருளை வாங்குகிறவர்கள் உங்கள் கடைக்கு அதிகம் என்றால் மட்டும் கணக்குக்கு முன்னுரிமை கொடுக்கலாம். அமேசானின் ஒரே கிளிக் வாங்குதலுக்கான அமெரிக்கக் காப்புரிமை 1999இல் கிடைத்தது, 2017இல் காலாவதியாகிவிட்டது. இப்போது யாரும் அந்த வசதியைக் கட்டிக்கொள்ளலாம்.

ஒரு சின்ன விஷயம்: கூப்பன் பெட்டி. பெரிதாகத் திறந்துவைத்தால் கூப்பன் இல்லாதவர் அதைத் தேடி வேறு தளத்துக்குப் போய்விடுவார். ‘கூப்பன் இருக்கிறதா?’ என்ற சின்ன இணைப்பு போதும்.

## அவசரப்படுத்தும் வித்தைகள்

‘இன்னும் 2 மட்டுமே’, ‘17 பேர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்’, ஓடும் கடிகாரம். தீமோடு இலவசமாக வருவதால் பலரும் போட்டுவிடுகிறார்கள். பிரின்ஸ்டன் ஆய்வாளர்கள் 2019இல் சுமார் 11,000 கடைத் தளங்களை அலசி, 1,818 ஏமாற்று உத்திகளைக் கண்டுபிடித்தார்கள். பக்கத்தைப் புதுப்பித்தால் மறுபடி ஓடத்தொடங்கும் பொய்க் கடிகாரங்களும் அதில் இருந்தன. கையிருப்பு உண்மையிலேயே 2 என்றால் சொல்லுங்கள், அது உதவி. பொய்யென்றால் திருப்பி அனுப்புவதிலும் மோசமான மதிப்புரையிலும் அதன் விலை வந்து சேரும். பல நாடுகளில் இப்போது சட்டச் சிக்கலும் கூட.

## எது விற்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

‘ஏ/பி சோதனை செய்து பாருங்கள்’ என்பது எல்லோரும் தரும் அறிவுரை. வருகிறவர்களைப் பிரித்து இரண்டு வடிவங்களைக் காட்டி, எது அதிகம் விற்கிறது என்று பார்ப்பது அது. கணக்கைப் போட்டுப் பாருங்கள். வருகிறவர்களில் 2 சதவீதம் பேர் வாங்கும் கடையில், அதை 2.2 ஆக்கும் மாற்றத்தை நம்பகமாகக் கண்டுபிடிக்க, வழக்கமான புள்ளியியல் வரம்புகளின்படி, ஒவ்வொரு வடிவத்துக்கும் கிட்டத்தட்ட 80,000 பேர் வர வேண்டும். மாதத்துக்கு 5,000 பேர் வரும் கடைக்கு அது இரண்டரை ஆண்டுக்கும் மேல். 2ஐ 4 ஆக்கும் அளவுக்குப் பெரிய மாற்றம் என்றால் ஒவ்வொன்றுக்கும் 1,200 பேர் போதும். சின்னக் கடைகள் பட்டன் நிறத்தைச் சோதிப்பதில் பயனில்லை என்று சொல்வது இதனால்தான். நாலு நாள் ஓட்டிவிட்டு ‘பச்சைதான் ஜெயித்தது’ என்பது பூவா தலையா போட்டுவிட்டு நாணயத்தைப் பாராட்டுவது.

அந்த நிலையில் இருப்பவர்கள், உங்கள் கடையை முன்பு பார்க்காத ஐந்து பேரிடம் மொபைலைக் கொடுத்து, ஒரு பொருளை வாங்கச் சொல்லிவிட்டுப் பேசாமல் பக்கத்தில் உட்காருங்கள். உதவாமல் இருப்பதுதான் கஷ்டம். எங்கே விரல் நிற்கிறது, எங்கே மேலும் கீழும் போய் வருகிறார்கள் என்பதைக் குறித்துக்கொண்டாலே பெரிய ஓட்டைகள் பெரும்பாலும் தெரிந்துவிடும். திருத்திவிட்டு வேறு ஐந்து பேர்.

அளக்கும்போது வாங்கியவர் விகிதத்தோடு நிறுத்தாதீர்கள். திரும்பி வந்த பொருள்களையும் சேர்த்துப் பாருங்கள். அளவு அட்டவணையைப் படத்துக்குப் பக்கத்தில் கொண்டுவந்தால் சில நேரம் விற்பனை கொஞ்சம் குறைந்து, திருப்பி அனுப்புவது அதைவிட அதிகமாகக் குறையும். கையில் நிற்கும் பணம் கூடும்.

கடைசியாக, ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் கடையை மாற்றுகிறவர்களுக்கு. ஒரு அமைப்பிலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது பக்க முகவரிகள் மாறும்; பழைய முகவரி ஒவ்வொன்றையும் அதற்கு நிகரான புதிய பக்கத்துக்கு 301 முறையில் (நிரந்தரமாக இடம் மாறிவிட்டது என்று தேடுபொறிக்குச் சொல்லும் முறை) திருப்பிவிடுங்கள். எல்லாவற்றையும் முகப்புக்குத் திருப்புவது சோம்பேறித்தனம். தேடுபொறியில் சேர்த்துவைத்த இடமும் அதனால் போகும். விற்பனை உச்சத்தில் இருக்கும் பருவத்தில் மாற்றாதீர்கள். முதலில் பொருள் பக்கத்தையும் செக்அவுட்டையும் மாற்றுங்கள், பிறகு பட்டியல், முகப்பு கடைசியில்.